படுக்க வைத்து வரைந்த பூ

அந்த மனிதரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. வயதாகிவிட்டது, சர்க்கரை வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன், முன் வரிசையில்தான் உட்காருகிறேன். ஆனாலும் தோன்றுகிறது. போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசும் வாரங்களில் நான் கைப்பைக்குள் எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் விசுவாசத்துக்காகப் பாடுபட்ட குடும்பத்துப் பெண் என்று சபையில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பாடுபட்டவர் என் அப்பா. நான் பழிவாங்கியவள்.

அவர் வேறு யாருமில்லை, என் அம்மாவுடைய பெரியப்பாவின் மகன். எனக்கு மாமா முறை. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுத் தெருவுக்குப் பெரியதனக்காரரும் அவர்தான். தெருவில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும், அம்மன் கோயிலுக்கு ஆடித் திருவிழா என்றாலும், அவர் வாயிலிருந்து வார்த்தை வந்தால்தான் அடுத்த காரியம் நடக்கும். உயரமான ஆள். வெள்ளை வேட்டியில் ஒரு கறை பார்க்க முடியாது. சிறு வயதில் என்னைத் தோளில் உட்கார வைத்துக் கருட சேவை காட்டியவர் என்று அம்மா சொல்லுவாள். அதை நினைத்தால்தான் கூடுதலாக எரிகிறது.

நாங்கள் கிறிஸ்தவர்களானது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தாமல் கிராமத்துப் பெண் ஒருத்தி, அம்மாவுக்காகவும் சேர்த்து ஜெபம் செய்திருக்கிறாள். இப்படித் தொடங்கும் சாட்சிகளில் அடுத்து வருவது அற்புத சுகம். எங்கள் வீட்டில் அது வரவில்லை. அம்மாவுக்கு இளைப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் பயம் போய்விட்டது. மூச்சு முட்டும்போது முன்பெல்லாம் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு கண்ணை மூடி உட்கார்ந்து, அது போகும்வரை காத்திருப்பாள். அப்பா இதை ஒரு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு ஒருநாள், எனக்கும் அது வேண்டும் என்றார். அந்த வருஷம் நல்ல மழை. தாமல் ஏரி நிரம்பியிருந்தது. மூன்று பேரும் அதில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர்கள் இரண்டு பேர் உள்ளேயும் தண்ணீர் போயிருந்தது. என்னை வெளியே நனைத்ததோடு சரி.

கிறிஸ்தவத்துக்கு மாறினால் கோதுமை கொடுப்பார்கள், பால்பவுடர் கொடுப்பார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வந்ததெல்லாம் பஞ்சாயத்துத்தான். ஆயுத பூஜை அன்று எல்லாத் தறியிலும் சந்தனமும் குங்குமமும் இருக்க, எங்கள் தறி மட்டும் துடைத்து வைத்தபடி இருந்தது. அதைப் பார்த்த பெரியதனக்காரர் அப்பாவைக் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டார். சோறு போடுகிற தறிக்கு ஒரு பொட்டு வைக்க முடியாதா என்று கேட்டார். சோறு போடுகிறவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் தறியில் உட்காருகிறேன், தறிக்குச் சொல்ல எனக்கு வரவில்லை என்றார் அப்பா. மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அப்பா அதையேதான் சொன்னார்.

தெருவை விட்டுத் தள்ளி வைத்தார்கள். நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள், எங்கள் வீட்டுக்கும் வர மாட்டார்கள். நெசவாளிக்கு இதில் பெரிய அடி வேறு இடத்தில் இருக்கிறது. கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். அதை ஒருவர் நெய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். அந்த ஆள் எங்களுக்கு எதிர் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வரவில்லை. அம்மா கொஞ்ச நாள் இளைப்போடு உட்கார்ந்து தள்ளிப் பார்த்தாள். முடியவில்லை. கடைசியில் அப்பா கோர்வையை விட்டுவிட்டு, ஒற்றை ஆள் நெய்யக்கூடிய சாதாரணப் பட்டுக்கு மாறினார். தெருவிலேயே கோர்வையில் கை சுத்தம் என்று பெயர் எடுத்தவர் அவர்.

இதற்கெல்லாம் அப்பா ஒரு வார்த்தை சூடாகப் பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் கோபமே வராத மகான் ஒன்றும் இல்லை. காப்பியில் சர்க்கரை கூடினால் வரும், கரண்டு போனால் வரும், கிரிக்கெட்டில் ரன் அவுட் ஆனால் ரேடியோவைத் திட்டுவார். தனக்கு ஒருவன் செய்ததற்கு மட்டும் வராது. தினமும் காலையில் பெரியதனக்காரர் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் குளிக்கப் போவார். அப்பா வேண்டுமென்றே வாசலில் நின்று, “வாங்க மச்சான்” என்பார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். மறுநாளும் அப்பா நிற்பார். எனக்கு உள்ளே இருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றலாமா என்று இருக்கும். யார் மேல் என்பதில் மட்டும் குழப்பம்.

பிறகு அம்மா இறந்துபோனாள்.

பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணன் தம்பி கொண்டுவந்து போர்த்தினால்தான் அவள் நாதியோடு போனாள் என்று அர்த்தம். அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லை. பெரியப்பா மகன்தான் அந்த இடத்தில் இருந்தவர். எங்களுக்கு அந்தச் சடங்கில் இனி நம்பிக்கை இல்லை என்று அப்பா சொன்னார். இருக்கட்டும். அம்மா ஐம்பது வயது வரை அந்தத் தெருவில் வாழ்ந்தவள். கடைசி வாரத்தில் கூட, அண்ணன் வருவாரா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். அண்ணன் வீடு நாலு வாசல் தள்ளி இருந்தது. கதவு சாத்தியிருந்தது.

அதோடும் விடவில்லை. பாடை கோயில் வாசல் வழியாகப் போகக் கூடாது என்று ஆள் வந்து சொன்னான். தாமலிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த நாலு விசுவாசிகள்தான் அம்மாவைத் தூக்கினார்கள். வீட்டின் பின்பக்கம், சாக்கடை ஓரமாக ஓர் ஆள் போகிற சந்து. அதில் பாடையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் கொண்டுபோக முடிந்தது. ஒரு திருப்பத்தில் அம்மாவின் தலை சுவரில் இடித்தது. முசரவாக்கத்தில் ஒரு விசுவாசி தன் கொல்லையில் இடம் கொடுத்திருந்தார். அங்கே கொண்டுபோய் அடக்கம் செய்தோம். அம்மா தலை இடித்த அந்தச் சத்தத்தை நான் எழுத முடியாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, பக்கத்து வீட்டில் கதவு மோதினாலும் எனக்கு அதுதான் கேட்கிறது.

திரும்பி வந்து அப்பா ஜெபம் செய்தார். பெரியதனக்காரருக்காகத்தான் முதலில் செய்தார். அவர் இன்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதிருப்பார், அவருக்குச் சமாதானம் கொடும் என்று கேட்டார். நான் கண்ணை மூடவில்லை. இந்த மனிதரின் வீட்டுப் பெருமையில் மண் விழுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும், என் கையால் விழ வேண்டும் என்று அப்பா ஆமென் சொல்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு இரண்டு வருஷம் கழித்து அந்த வாய்ப்பு வந்தது.

நான் அப்போது அட்டை குத்தும் கடையில் வேலை செய்தேன். சேலையில் வரும் பூவும் மயிலும் நெசவாளியின் கையில் இல்லை, தறிக்கு மேலே தொங்கும் அட்டை மாலையில் இருக்கிறது. முதலில் கட்டம் போட்ட தாளில் பூவை வரைந்து கட்டங்களுக்குச் சிவப்பு அடிப்போம். கிராப் என்போம். ஒரு வரிசைக் கட்டத்துக்கு ஓர் அட்டை. சிவப்பு இருக்கும் இடத்தில் ஓட்டை குத்த வேண்டும். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. கடைக்காரர் ஆற்காட்டுப் பக்கத்து பாய். எங்கள் தெரு சமாசாரம் எதுவும் கேட்காமல் எனக்கு வேலை கொடுத்த நல்ல மனிதர். கிராப் வரைவதிலிருந்து அட்டை கோப்பது வரை எல்லாவற்றையும் என்னை நம்பி விட்டிருந்தார்.

ஆனி மாதம் ஒரு கிராப் வேலை வந்தது. கொடியும் நாலு இதழ்ப் பூவுமாக ஒரு கரை. எளிய வேலை. யாருக்கு என்று கேட்டேன். ஆடித் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்துகிற சேலை, உங்கள் தெருப் பெரியதனக்காரர் விரதமிருந்து தன் கையாலேயே நெய்யப்போகிறார், நேர்ந்துகொண்டிருக்கிறாராம் என்றார் பாய்.

என் அம்மாவுக்கு ஒரு முழம் துணி கொண்டுவராத கை, அம்மனுக்குப் பட்டு நெய்யப்போகிறது.

அந்தப் பூவை எடுத்துவைத்துக்கொண்டு அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு இதழ். மூன்று இதழின் வயிற்றைக் குறைத்தேன். நாலாவது இதழை மட்டும் கொஞ்சம் நீட்டினேன். அவ்வளவுதான். பூ சிலுவையாகிவிட்டது. நுனிகளைக் கொஞ்சம் உருட்டி விட்டதால் அவசரமாகப் பார்க்கிறவர்களுக்குப் பூவாகத்தான் தெரியும். சொல்லிவிட்டால் மறுபடி பூவாகத் தெரியாது.

நெசவாளியின் கண்ணில் படாதா என்று நீங்கள் கேட்கலாம். இதில்தான் என் தொழில் இருக்கிறது. தறியில் சேலை நீளவாக்கில் வளர்கிறது. உடுத்தும்போது அது குறுக்கே சுற்றிக்கொள்கிறது. அதனால் உடுத்தும்போது நிமிர்ந்து நிற்க வேண்டிய பூவைக் கிராப்பில் படுக்க வைத்துத்தான் வரைய வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் அது படுத்துக் கிடக்கும், அதுவும் பின்பக்கம் காட்டிக்கொண்டு. அம்மனுக்குக் கட்டி, கொசுவம் வைத்து, தீபம் காட்டும்போதுதான் கீழ்க்கரை முழுவதும் வரிசையாக எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் கோயில் வாசலில் போய் நின்று, ஊர் கேட்கச் சொல்ல வேண்டும் என்பது என் திட்டம். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அந்த நாலு வாரம் நான் இருந்த மாதிரி சந்தோஷமாக என் வாழ்க்கையில் வேறு எப்போதும் இருந்ததில்லை, கல்யாண நாள் உட்பட. அவர் வீட்டைத் தாண்டும்போது தறிச் சத்தம் கேட்கும். ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் தரையில் படுக்கை, செருப்புப் போடுவதில்லை என்று தெருவே அவர் விரதத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசியது. நெய்யுங்கள் மாமா, நன்றாக நெய்யுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போவேன்.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது சேலை தறியிலிருந்து இறங்கியது. தாம்பாளத்தில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா சாயங்கால ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல மச்சானுக்காகத் தொடங்கினார். விரதத்தில் உடம்பு இளைத்திருக்கிறார், அவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் என்றார். எனக்கு வாய் நிற்கவில்லை. நீங்கள் அவருக்காகக் கெஞ்சிக்கொண்டிருங்கள், நான் அவருக்கு என்ன செய்து வைத்திருக்கிறேன் தெரியுமா என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அம்மாவுக்காகச் செய்தேன் என்றும் சொன்னேன்.

அப்பா வரைந்து காட்டச் சொன்னார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்து, திருப்பிக் காட்டினேன்.

“அவரு ஒரு மாசமா ஒரு வேள சோறு துன்னுக்கினு நெய்ஞ்சிருக்காரும்மா,” என்றார். “அது அவரு பண்ற ஜெபம். ஒருத்தன் ஜெபத்துல குப்பையக் கொட்டுவாங்களா?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முடிக்கவில்லை.

“கொட்டறதுக்கு உனக்கு சிலுவதான் கெடச்சுதா?”

எழுந்து முகம் கழுவினார். சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். தெரு திரும்புகிற மூலையில் ஒரு டைலர் கடை. அதன் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். அங்கிருந்து கோயில் வாசல் தெரியும், பேசுவதும் கேட்கும்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் இருபது பேராவது இருப்பார்கள். ஆறு வருஷமாகக் கால் வைக்காத இடத்தில் அப்பா போய் நின்றதும் சத்தம் அடங்கியது. பெரியதனக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“அந்தச் சேலைய சாத்தாதீங்க மச்சான்,” என்றார் அப்பா. “கரையில இருக்கற பூவத் திருப்பிப் பாருங்க. அது பூ இல்ல, சிலுவ. கிராப்ப மாத்துனது நான்தான். தப்புப் பண்ணிட்டன்.”

உள்ளே போய்ச் சேலையை எடுத்துவந்தார்கள். விரித்துத் திருப்பினார்கள். ஒருவன் சத்தம் போட்டான். பிறகு எல்லாரும் போட்டார்கள். நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். நான் ஓர் அடி முன்னால் வைத்தால் போதும், நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்த வாய் அது. முதல் அடி விழுந்தது. கன்னத்தில். பிறகு நாலைந்து பையன்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்பா கையைத் தூக்கித் தடுக்கவில்லை, முகத்தை மட்டும் மூடிக்கொண்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிகிறவரை நின்றேன். பெரியதனக்காரர் அடிக்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

அப்பா வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குள் போய்த் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலை பிளேடால் குறுக்கே அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாவு அறுப்பது நெசவாளிக்குக் கையை அறுக்கிற மாதிரி. எங்கள் தெருவில் கொலைப் பகை உள்ளவன் கூட அதைச் செய்ததில்லை. ஆயிரக்கணக்கான இழைகள் தொய்ந்து தறிக்குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. போலீசுக்குப் போகலாம் என்றேன். போய் என்னவென்று சொல்லுவது என்று கேட்டார்.

மறுநாள் காலையில் ஒரு தட்டில் சாம்பல் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தறியின் முன்னால் உட்கார்ந்தோம். அறுந்த முனையை எடுத்து, அதன் ஜோடி முனையைத் தேடி, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். பிறகு அடுத்த இழை. அப்பாவுக்கு உதடு கிழிந்து ஒரு கண் வீங்கியிருந்தது. அதனால் இழை எடுத்துக் கொடுப்பது நான், முறுக்குவது அவர். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. யாருக்காக என்று எனக்குத் தெரியும். அடித்தவன் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் உதடும் அசைந்தது. நானும் பெயர் சொல்லித்தான் கேட்டேன். ஒருவனுக்குக் கை விளங்காமல் போக வேண்டும், ஒருவனுக்குப் பிள்ளை இல்லாமல் போக வேண்டும், பெரியதனக்காரருக்கு நாதியில்லாத சாவு வர வேண்டும். ஒரே தறி, ஒரே பாவு. பிணைத்த இழையில் எது அவர் வேண்டுதலோடு போனது, எது என்னுடையதோடு போனது என்று நெய்த சேலையில் பார்த்தால் தெரியாது.

இரண்டாம் நாள் நான் கேட்டேன். பொய் சொல்லுவது பாவமில்லையா நைனா, நீங்கள் செய்யாததைச் செய்தேன் என்று ஏன் சொன்னீர்கள் என்று.

“பாவந்தான்,” என்றார். உதட்டுக் காயத்தோடு சிரிக்கப் பார்த்தார். “அதுக்குத் தனியா மன்னிப்புக் கேட்டுக்கினுகீறன்.”

என்னை அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். மூன்றாம் நாள் மத்தியானம் கடைசி இழையையும் முறுக்கிவிட்டு, தறியில் உட்கார்ந்து நாடாவை விட்டுப் பார்த்தார். பாவு தாங்கியது. எனக்குப் பசிக்குது, ஏதாவது பண்ணேன் என்றார். எவ்வளவு நிம்மதியாக அந்த மனிதரால் பசிக்க முடிந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

திருவிழா நடந்தது. அம்மனுக்கு வேறு ஏதோ கடையில் வாங்கிய பட்டைச் சாத்தினார்கள். கடை பாய் என் கிராப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இனி வர வேண்டாம் என்றார். குரல் உயர்த்தவில்லை. அதற்கும் எனக்கு அழுகை வரவில்லை. எனக்குள் வேறு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அப்பா அடிபட்ட வேதனை இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. என் பழியை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அந்த மனிதரை அப்படிக் குத்தியது நான்தான் என்று அந்த மனிதருக்கே தெரியாமல் போய்விட்டது. எத்தனை வருஷம் காத்திருந்து செய்தது. என் பழி எனக்கு வேண்டும்.

திருவிழா முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பார்த்துக்கொண்டிருந்தார். விரதத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் வாசற்படியில் நின்றபடியே சொன்னேன். கிராப்பை மாற்றியது என் அப்பா இல்லை, நான். என் அம்மாவுக்குக் கோடி போர்த்தாத கைக்கு நான் கொடுத்த பரிசு அது. சந்தில் என் அம்மா தலை இடித்ததற்கும் சேர்த்து. நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். இப்படித்தான் சொன்னேன்.

அவர் நூலைக் கீழே வைக்கவில்லை.

“உங்க நைனாவுக்கு கிராப்ல எது மேல எது கீழன்னே தெரியாது,” என்றார். “சேலையத் திருப்பிப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். நீதான்னு.”

பிறகு ஏன் அடிக்க விட்டீர்கள் என்று கேட்டேன்.

“டைலர் கட மூலைல நீ நின்னுக்கினு இருந்தத நான் பாத்தன். வருவ, வந்து சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தன். எந்தங்கச்சி பொண்ணு நீ. நீ வந்திருந்தா ஒருத்தன் கைய வச்சிருக்க மாட்டான். நாலு வார்த்த திட்டி அனுப்பிச்சிருப்பன்.” நூலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “நீ வரல.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்தப் பேச்சில் எவ்வளவு அயோக்கியத்தனம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருபது பேரைத் தடுத்திருக்க வேண்டியவர் அவர். ஒரு சொல் போதும் அவருக்கு. என்னைக் காரணம் காட்டித் தன் கையைக் கழுவிக்கொள்கிறார். இதையெல்லாம் வீட்டுக்கு நடந்து வரும்போதே யோசித்துவிட்டேன், பதில் எல்லாம் வந்துவிட்டது, திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று கூட நின்றேன். ஆனால் அந்த வாசற்படியில் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அப்பா தறியில் இருந்தார். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டார். கடைக்கு என்றேன். நான் அன்றைக்கு அந்த மூலையில் நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அப்பா ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தார். நான் சொல்லவில்லை.